.38 ஸ்பெஷல் தோட்டாவை வீட்டில் நிரப்புவது: புதிதாகத் தொடங்குபவருக்கு

சுட்டு முடித்த தோட்டாவில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தீர்ந்துபோகிறது, வெடிமருந்து எரிந்துபோகிறது, குண்டு பறந்துபோகிறது. மிஞ்சுவது பித்தளை உறை. நான்கு பாகங்களில் விலை கூடியது பெரும்பாலும் அதுதான். அந்த உறையைத் துலக்கி, பழைய அளவுக்கு இறுக்கி, புதுப் பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்குவதைத்தான் அமெரிக்காவில் ரீலோடிங் என்கிறார்கள். டெக்ஸஸில் என் வீட்டு கராஜில் பதினோரு வருடமாக இதைச் செய்துவருகிறேன். பயிற்சிக்குப் போகும் இடத்தில் தமிழ் நண்பர்கள் பலர் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களுக்கு நேரில் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படித்ததில் ஒன்றே ஒன்றுதான் நினைவில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும்: குண்டை வைக்குமுன் ஒவ்வொரு உறைக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் சட்டம்

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பக் கூட்டரசு உரிமம் தேவையில்லை. நிரப்பியதை விற்றுத் தொழில் செய்வதென்றால் டைப் 06 உரிமம் வேண்டும். ஆகவே நண்பர் காசு கொடுத்துக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். சும்மாவும் கொடுக்காதீர்கள் என்பது என் கட்சி. நான் நிரப்பியதை என் துப்பாக்கியில் நான் மட்டும்தான் சுடுவேன்.

நம்மவர்கள் பலர் கவனிக்காத விஷயம் விசா. எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டங்கள் வேறுபடும். உங்கள் மாநிலத்தில் என்ன என்று தெரிந்துகொண்டே எதையும் வாங்குங்கள்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். துப்பாக்கி வைத்திருக்க உரிமம் இருப்பது வேறு, தோட்டா தயாரிக்க உரிமம் இருப்பது வேறு. இன்னொன்று, அமெரிக்காவிலிருந்து ஊருக்குப் போகிறவர்களுக்கு. பயிற்சிக்குக் கொண்டுபோகும் பையை விமானப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். அடித்தையலில் ஒளிந்துகிடக்கும் ஒற்றைத் தோட்டா போதும், சென்னை விமான நிலையத்தில் உங்கள் விடுமுறையே வீணாகிவிடும்.

ஏன் .38 ஸ்பெஷல்

பலர் 9 மி.மீ. தோட்டாவில் தொடங்குகிறார்கள். தப்பில்லை. ஆனால் ரிவால்வர் வைத்திருந்தால் .38 ஸ்பெஷலில் தொடங்குங்கள். அதன் உச்ச அழுத்தம், அமெரிக்கத் தொழில்துறைத் தரப்படி, சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. 9 மி.மீ.க்கு 35,000. உறை நேரான குழாய் மாதிரி, பிடிக்கவும் பார்க்கவும் வசதியான நீளம். தானியங்கிக் கைத்துப்பாக்கியில் சுட்டால் உறை பக்கத்துத் தடுப்புக்குள் எகிறி விழும், தேடிப் பொறுக்க வேண்டும். ரிவால்வரில் அப்படியே உங்கள் உள்ளங்கையில் கொட்டும். 9 மி.மீ. கடையில் மலிவாகவே கிடைப்பதால் நிரப்புவதில் மிச்சம் குறைவு. .38 தோட்டா கடையில் விலை கூட, அதனால் மிச்சமும் கூட.

ஆனால் .38க்கு ஒரு ஆபத்தான குணம் உண்டு. 1898 வாக்கில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இதைக் கொண்டுவந்தபோது முதலில் கருமருந்துதான் நிரப்பினார்கள். கருமருந்துக்கு இடம் நிறைய வேண்டும், அதற்கேற்ற நீளத்தில் உறை செய்தார்கள். இன்றைய புகையில்லா மருந்து அந்த இடத்தில் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். தவறி இரண்டாவது முறை ஊற்றினாலும் உறை நிரம்பி வழியாது, மேலே குண்டு வைக்க இடம் தாராளமாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல தோட்டாவுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. துப்பாக்கியை உடைக்கும் தவறு பெரும்பாலும் இதுதான்.

வாங்க வேண்டியவை

முதல் செலவு புத்தகம். லைமன், ஹார்னடி, ஸ்பியர் போன்ற நிறுவனங்கள் நிரப்பும் அளவுகளைச் சோதித்துக் கையேடாக வெளியிடுகின்றன. மருந்து தயாரிப்பவர்களும் தங்கள் அளவுகளை இலவசமாகத் தருகிறார்கள். இந்தக் கட்டுரையில் மருந்தின் அளவு எங்கும் இருக்காது. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். யாரோ எழுதினார், நண்பர் சொன்னார் என்று ஒரு எண்ணை எடுத்து நிரப்பக் கூடாது. கையேட்டில் உள்ள அதே குண்டு, அதே எடை, அதே மருந்து. பெயர் ஒன்றுபோல இருக்கும் இரண்டு மருந்துகள் எரியும் வேகத்தில் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும்.

அடுத்து பிரஸ். ஒரு கைப்பிடி, அதை இழுத்தால் மேலே ஏறும் தண்டு, தலையில் டை என்ற அச்சைப் பூட்ட ஒரு துளை. ஒரே துளை உள்ளதை சிங்கிள் ஸ்டேஜ் என்பார்கள். ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா தரும் புரோகிரஸிவ் இயந்திரங்களும் உண்டு. முதலில் அவற்றின் பக்கம் போகாதீர்கள். ஒரே நேரத்தில் நான்கைந்து வேலை நடக்கும்போது எதைக் கவனிப்பதென்று புதியவருக்குத் தெரியாது. லீ, ஆர்சிபிஎஸ், ஹார்னடி எல்லாருமே நல்ல சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் செய்கிறார்கள். கனமான வார்ப்பிரும்பில் வாங்கினால் பேரன் காலத்துக்கும் வரும்.

பிறகு .38க்கான டை செட், மூன்று டைகள் இருக்கும். கார்பைட் என்ற கடினமான பொருள் பதித்த டையாக வாங்குங்கள், உறைக்கு எண்ணெய் தடவும் வேலை மிச்சம். உறையின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர், அளவு பார்க்க காலிப்பர், மருந்து நிறுக்கத் தராசு, அதைச் சரிபார்க்க எடைக்கல், ஐம்பது குழி உள்ள இரண்டு மரக்கட்டைகள், கையால் பிரைமர் வைக்கும் கருவி, தவறாகச் செய்த தோட்டாவைப் பிரிக்கும் சுத்தியல், பாதுகாப்புக் கண்ணாடி, நல்ல டார்ச்.

தராசில் கஞ்சத்தனம் வேண்டாம். அமெரிக்காவில் மருந்தை கிரெயின் என்ற அளவில் நிறுக்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம். நம் ஊர் பொற்கொல்லர் தங்கம் நிறுத்த குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின். கைத்துப்பாக்கித் தோட்டாவில் போகும் மருந்து சில குன்றிமணி எடைதான், அதிலும் பத்தில் ஒரு கிரெயின் வித்தியாசம் கணக்கில் வரும். மின்விசிறிக் காற்று பட்டாலே தராசு பொய் சொல்லும். கராஜில் ஏசி ஓடினால் அணைத்துவிடுங்கள்.

உறையைப் பார்த்துப் பொறுக்குவது

முதலில் அடிப்பக்க முத்திரையைப் படியுங்கள். .357 மேக்னம் உறையும் .38 உறையும் ஒரே பருமன்; மேக்னம் 0.135 அங்குலம் நீளம் கூட, அவ்வளவுதான். கலந்து கிடந்தால் கண்ணுக்குத் தப்பும். பிரித்து வையுங்கள்.

பிறகு ஒவ்வொன்றாக விரலில் உருட்டிப் பாருங்கள். .38 உறை பெரும்பாலும் வாயில்தான் கீறும், தலைமயிர் மாதிரி நெடுகப் போகும் ஒரு கோடு. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காதுக்குத் தெரியும். ஏழெட்டு உறைகளைக் கையில் போட்டுக் குலுக்குங்கள். நல்லவை கணீரென்று ஒலிக்கும். கீறல் விழுந்தது ஒன்று இருந்தால் ஓட்டைப் பானையைத் தட்டின மாதிரி மங்கலாக ஒரு சத்தம் இடையில் வரும். மண்பானை வாங்கும்போது என் அம்மாச்சி தட்டிப் பார்ப்பார்கள், அதே வித்தைதான்.

உறைக்குள் எட்டிப் பாருங்கள். அடியில் நடுவே ஒரே துளை இருந்தால் பாக்ஸர் வகை, நிரப்பலாம். இரண்டு சிறு துளைகள் இருந்தால் பெர்டன் வகை, ஒதுக்கிவிடுங்கள்; பழைய பிரைமரைத் தள்ளும் டையின் ஊசி முறிந்துபோகும்.

துலக்குவதற்கு, அரைத்த மக்காச்சோளத் தக்கையில் போட்டு அதிரவைக்கும் இயந்திரம் கிடைக்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் மினுங்கும். ஆனால் அந்தத் தூசியில் ஈயம் இருக்கிறது; பிரைமர் கலவையிலிருந்து வருவது. இயந்திரத்தை வெளியில் வைத்து ஓட்டுங்கள், மூடியைத் திறக்கும்போது முகமூடி போடுங்கள். வேலை செய்யும் மேஜையில் காபி கூட வேண்டாம். முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவி, சட்டையை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். வருடத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள், நான் பார்க்கிறேன்.

மூன்று டையும் நான்கு இழுப்பும்

முதல் டை இறுக்கும் டை. சுட்டபோது விரிந்த உறையைப் பழைய பருமனுக்கு ஒடுக்கி, பழைய பிரைமரைத் தள்ளிவிடும். தண்டை மேலே ஏற்றிவைத்து, டையை ஷெல் ஹோல்டரைத் தொடும் வரை திருகுங்கள். கார்பைட் என்பதால் முட்டி மோதவிடக் கூடாது, விரிசல் விடும். தொட்டதும் இம்மி பின்வாங்கிப் பூட்டு வளையத்தை இறுக்குங்கள். ஐம்பதையும் இதில் முடித்துவிட்டுத்தான் அடுத்த டை.

இரண்டாவது டை உறையின் வாயைக் கொஞ்சம் மலர்த்தும். குண்டின் அடி உள்ளே உட்கார இடம் வேண்டும், அவ்வளவே. விரல் வைத்தால் ஓரம் சற்றுத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குப் புனல் மாதிரித் தெரிந்தால் அதிகம். அதிகம் மலர்த்தினால் நாலைந்து முறையிலேயே வாய் கிழியும்.

இங்கே பிரைமர் வைக்கும் வேலை வருகிறது. .38க்கு ஸ்மால் பிஸ்டல் பிரைமர். தீபாவளித் துப்பாக்கியில் வைக்கும் பொட்டு வெடி தெரியும்தானே, வேலை அதே வேலைதான், தட்டினால் தீப்பொறி. ஆனால் வீரியம் பல மடங்கு. தயாரிப்பாளர் தரும் அட்டையில், ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியில் இருப்பதற்குக் காரணம் உண்டு. கண்ணாடி ஜாடியில் கொட்டி வைத்தால் ஒன்று வெடித்து எல்லாம் சேர்ந்து வெடிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். கருவியை மெதுவாக அழுத்துங்கள். பிரைமர் உட்காரும்போது கையில் ஒரு தடை தெரியும், அடியைத் தொட்டதும் நின்றுவிடும். பிறகு உறையின் அடியை விரலால் தடவிப் பாருங்கள். பிரைமர் விளிம்புக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். மேடாக இருந்தால் ரிவால்வரில் தோட்டாக்கள் நிற்கும் உருளையான சிலிண்டர் சுற்றாமல் சிக்கும்.

மருந்து

இந்த வேலைக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். டிவி, போன், பேச்சுத்துணை எதுவும் கூடாது. எனக்கு இந்தப் பாடம் வந்த விதத்தைச் சொல்கிறேன்.

இரண்டாவது வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மருந்து ஊற்றிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து போன் வந்தது. இருபது நிமிடம் பேசிவிட்டு வந்து, விட்ட இடம் இதுதான் என்று நினைத்த உறையிலிருந்து தொடர்ந்தேன். டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. அடுத்த சனிக்கிழமை சுடப் போனேன். மூன்றாவது தோட்டாவில் வழக்கமான வெடிச் சத்தம் வரவில்லை. ‘டொப்’ என்று, கதவுக்குப் பின்னால் புத்தகம் விழுந்த மாதிரி. கையில் உதைப்பும் இல்லை. விரல் அடுத்த முறை அழுத்தப் போனது. பக்கத்துத் தடுப்பில் சுட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் "நிறுத்து" என்று கத்தினார். குழாய் முனையைக் குறிப்பலகைப் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருந்து, சிலிண்டரைத் திறந்து எல்லாத் தோட்டாவையும் எடுத்தோம். பித்தளைக் கோலைக் குழாய்க்குள் விட்டால் பாதியில் நின்றது. மருந்தில்லாத தோட்டா, பிரைமரின் வேகம் மட்டும் குண்டைக் குழாய்க்குள் தள்ளி அங்கேயே விட்டிருந்தது. அடுத்த குண்டு போய் அதில் மோதியிருந்தால் குழாய் பிளந்திருக்கும். அன்று வீட்டுக்கு வந்து அந்தப் பெட்டியில் மீதியிருந்த நாற்பத்தேழையும் பிரித்தேன். மூன்றாவது மணி நேரத்தில் ஒரு உறையிலிருந்து மருந்து இரண்டு மடங்கு கொட்டியது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மேஜையில் ஒரே ஒரு மருந்து டப்பா, ஒரே வகைப் பிரைமர். மற்றதெல்லாம் அலமாரிக்குள். தராசைப் பூஜ்யத்தில் நிறுத்தி, எடைக்கல் வைத்துச் சரிபாருங்கள். கையேட்டில் தொடக்க அளவு, உச்ச அளவு என்று இரண்டு இருக்கும். தொடக்க அளவில்தான் ஆரம்பிக்க வேண்டும். அதற்குக் கீழேயும் போகக் கூடாது, குறைந்த மருந்தும் குண்டைக் குழாயில் நிறுத்திவிடும்.

ஐம்பது உறைகளையும் ஒரு கட்டையில் தலைகீழாக நிறுத்துங்கள். ஒன்றை எடுங்கள், மருந்தை ஊற்றுங்கள், இரண்டாவது கட்டையில் வாய் மேலே பார்க்க வையுங்கள். பல்லாங்குழியில் காய் நகர்வது போல ஒரு பலகையிலிருந்து இன்னொரு பலகைக்கு. தலைகீழாக நிற்பது காலி, நேராக நிற்பது நிரம்பியது. போன் வந்தாலும் குழப்பத்துக்கு வழியில்லை. மருந்தை அளந்து கொட்டும் கருவி வைத்திருந்தால் முதல் பத்தையும் நிறுத்துப் பாருங்கள், பிறகு பத்துக்கு ஒன்று.

பருமனான மருந்தாகத் தேர்ந்தெடுப்பது இன்னொரு காவல். கையேட்டில் உங்கள் குண்டுக்குக் கொடுத்திருக்கும் மருந்துகளில் உறையில் பாதிக்கு மேல் நிரப்புவது எதுவென்று கடைக்காரரிடமோ அனுபவசாலியிடமோ கேளுங்கள். அப்படிப்பட்டதை இரண்டு முறை ஊற்றினால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது டார்ச். கட்டையைச் சாய்க்காமல் மேலிருந்து வரிசை வரிசையாக அடித்துப் பாருங்கள். ஐம்பது உறையிலும் மருந்து ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். ஒன்று பக்கத்திலிருப்பதைவிட இருட்டாகத் தெரிந்தாலும் மேலே ஏறித் தெரிந்தாலும் கொட்டி மறுபடி நிறுங்கள். நான் இருமுறை பார்க்கிறேன், இரண்டாவது முறை கட்டையை அரைவட்டம் திருப்பி வைத்து. பார்த்து முடித்த அதே உட்காரலில் குண்டுகளை வைத்துவிட வேண்டும். மருந்து ஊற்றிய கட்டையை மூடி வைத்துவிட்டு நாளைக்குத் தொடரலாம் என்று போகாதீர்கள்.

குண்டும் மடிப்பும்

மூன்றாவது டை குண்டை உள்ளே தள்ளும், உறையின் வாயை அதன்மேல் மடக்கவும் செய்யும். ஒரே இழுப்பில் இரண்டையும் செய்யலாம் என்று பெட்டியில் எழுதியிருக்கும். புதியவர் தனித்தனியாகச் செய்வதே நல்லது. முதலில் டையைச் சற்று உயர்த்தி வைத்து குண்டை மட்டும் தள்ளுங்கள். குண்டின் இடுப்பில் ஒரு பள்ளம் ஓடும், உறையின் வாய் அந்தப் பள்ளத்துக்கு நேராக வரும் வரை, குண்டைத் தள்ளும் டையின் நடுத் திருகை இறக்குங்கள். மொத்த நீளம் கையேட்டில் சொன்னபடி இருக்கிறதா என்று காலிப்பரில் பாருங்கள். .38 ஸ்பெஷலுக்கு உச்ச நீளம் 1.550 அங்குலம். மிக ஆழமாகத் தள்ளினாலும் ஆபத்து, உள்ளிடம் குறைந்தால் அழுத்தம் ஏறும்.

பிறகு நடுத் திருகை மேலேற்றிவிட்டு டையை இறக்கி, வாயை அந்தப் பள்ளத்துக்குள் மடியுங்கள். ரிவால்வர் உதைக்கும்போது சிலிண்டரில் காத்திருக்கும் மற்ற தோட்டாக்களின் குண்டு முன்னே நழுவாமல் பிடிப்பது இந்த மடிப்புதான். 9 மி.மீ.க்கு இப்படி மடிக்கக் கூடாது, அந்தத் தோட்டா அறைக்குள் நிற்பதே வாயின் விளிம்பில். அதற்கு மலர்த்திய வாயை நேராக்கினால் போதும்.

முடிந்த ஒவ்வொன்றையும் உங்கள் ரிவால்வரின் காலி சிலிண்டரில் போட்டுப் பாருங்கள். இதைச் செய்யும்போது சிலிண்டர் திறந்தே இருக்கட்டும். தன் எடையில் உள்ளே இறங்கி, தானாக வெளியே விழ வேண்டும்.

பெட்டியின் மேல் தேதி, குண்டின் எடையும் வகையும், மருந்தின் பெயரும் அளவும், பிரைமர், எத்தனையாவது முறை நிரப்பியது என எல்லாம் எழுதுங்கள். எழுதாத பெட்டியைப் பிரித்துவிடுவது தவிர வேறு வழியில்லை.

மீதி மருந்து அதன் சொந்த டப்பாவிலேயே இருக்க வேண்டும். வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள், ஊறுகாய் பாட்டில் மாதிரிப் பெயர் எழுதி ஒட்டினாலும் கூடாது. அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் தரம், வீட்டில் 20 பவுண்டு வரை மருந்தை அதன் சொந்த டப்பாவிலும், 10,000 வரை பிரைமரும் வைத்துக்கொள்ள இடம்கொடுக்கிறது. உங்கள் நகரத்தில் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். தொடங்குபவருக்கு ஒரு பவுண்டும் ஆயிரம் பிரைமரும் தாராளம். 2020இல் பிரைமர் கடைகளில் கிடைக்காமல் போனதை நினைத்துப் பலர் மூட்டையாக வாங்கி வைக்கிறார்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நான் அதைச் செய்யமாட்டேன். பூட்டிய அலமாரி, வெயிலும் வாட்டர் ஹீட்டரும் எட்டாத இடம்.

முதல் முறை சுடும்போது

ஐம்பது நிரப்பியிருந்தாலும் முதலில் பத்தை மட்டும் எடுத்துப்போங்கள். பக்கத்தில் பித்தளைக் கோல் ஒன்று இருக்கட்டும். சிலிண்டரில் ஒன்று மட்டும் வைத்துச் சுடுங்கள், சத்தத்தைக் கேளுங்கள், உறையை எடுத்துப் பாருங்கள். உறை விரலால் தள்ளினாலே வெளியே வர வேண்டும். தட்டித் தட்டி எடுக்கும்படி ஒட்டிக்கொண்டாலோ, பிரைமர் வழக்கத்தைவிடத் தட்டையாகப் பரந்திருந்தாலோ அதோடு நிறுத்திவிட்டு மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரியுங்கள். பத்தும் ஒரே மாதிரிச் சத்தம், ஒரே மாதிரி உதைப்பு என்றால் அடுத்த வாரம் மீதி நாற்பதை எடுத்துப் போகலாம்.

சுட்ட உறைகளை அன்றைக்கே தனிப் பையில் போட்டு, "இரண்டாம் முறைக்கு" என்று எழுதி வையுங்கள். வாய் கிழிந்தவற்றைக் குறடால் நசுக்கி ஒரு பழைய டப்பாவில் சேருங்கள். டப்பா நிறைந்தால் பித்தளை எடைக்குப் போடலாம்.